நாய் நடக்கட்டும், தேர் நகரட்டும்

அத்தியாயம் 4: ஸ்கிராட்ச்சில் இரண்டு சிறு படைப்புகள்

இந்த அத்தியாயத்தில் இரண்டு படைப்புகளைச் செய்யப்போகிறீர்கள். முதலாவது, மலைத்தொடர் பின்னணியில் ஒரு ராஜபாளையம் நாய் நடந்து போகும் சின்ன அசைபடம். இரண்டாவது, ஸ்பேஸ் பட்டனை அழுத்தி அழுத்தி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரை நான்கு ரத வீதியும் இழுத்து, நிலைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் விளையாட்டு. நாயை ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம். தேருக்கு ஒரு சனி, ஞாயிறு ஒதுக்குங்கள்.

கருவி ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது, இலவசம். இப்போது புழக்கத்தில் உள்ள மூன்றாம் பதிப்பு 2019 ஜனவரியில் வந்தது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘காட்சித் தொடர்பு’ என்ற பாடத்தில் இதைத்தான் அறிமுகம் செய்கிறார்கள். தேர்வுக்குப் படித்து முடித்த கையோடு பலரும் மறந்துவிடும் பாடம் அது. வரலாறு இவ்வளவு போதும்.

புதிதாகத் தொடங்குபவர்கள், திறந்ததும் திரையில் வந்து நிற்கும் அந்த ஆரஞ்சுப் பூனையை வைத்தே எதையாவது செய்வார்கள். பூனை ஆப்பிள் பிடிக்கும், பூனை பந்து தட்டும். இவை ஏற்கெனவே கணக்கில்லாமல் கிடக்கின்றன. உங்கள் ஊர் நாயையும் உங்கள் ஊர்த் தேரையும் செய்தால் ஒரு பெரிய வசதி உண்டு: தப்பு எங்கே என்று உங்கள் கண்ணே சொல்லிவிடும். அந்த நாய் எப்படி நடக்கும், தேர் எப்படி நகரும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

கம்ப்யூட்டர் அல்லது லேப்டாப் ஒன்று. விண்டோஸ், மேக் இரண்டுக்கும் ஸ்கிராட்ச் செயலி உண்டு. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு நெட் தேவையில்லை. ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் ஓடும். போனில் பிறர் செய்ததைப் பார்க்கலாம், விளையாடலாம். ஆனால் அந்தச் சின்னத் திரையில் பிளாக் இழுத்துக் கோப்பது கண்ணுக்கும் பொறுமைக்கும் கேடு. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத மாணவர்கள் பள்ளியின் ஹைடெக் லேபில் ஆசிரியரிடம் அனுமதி கேட்டுச் செய்யலாம். அப்படியானால் பென் டிரைவ் ஒன்று கட்டாயம்.

இவை போக ஒரு நீல அல்லது பச்சைச் சார்ட் அட்டை, கறுப்பு ஸ்கெட்ச் பேனா, வெள்ளைக் க்ரேயான், கேமரா உள்ள போன். சார்ட் எதற்கு என்பது கீழே வரும்.

ஒரு சொல் குறிப்பு: திரையில் நடிக்கும் ஒவ்வோர் உருவத்துக்கும் ஸ்பிரைட் என்று பெயர். ஒரு ஸ்பிரைட்டின் வெவ்வேறு தோற்றங்கள் காஸ்ட்யூம். கட்டளைகள் பிளாக். காட்சி நடக்கும் இடம் மேடை. அதன் அளவு 480 அகலம், 360 உயரம். நட்ட நடுப்புள்ளி சுழி. இடது ஓரம் எக்ஸ் -240, வலது ஓரம் 240. கீழே ஒய் -180, மேலே 180. இந்த நான்கு எண்களை ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள்.

முதல் படைப்பு: ராஜபாளையம் நாய்

பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, தொங்கும் காது, நீண்ட கால், ஒட்டிய வயிறு. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல்துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. வரைவதற்கு எளிய நாய், ஏனென்றால் புள்ளியும் இல்லை, பட்டையும் இல்லை. அந்த வெள்ளைதான் சிக்கலும்.

வெள்ளைத் தாளில் வெள்ளை நாயை வரைந்து போட்டோ எடுத்து ஏற்றினால், பின்னணியை அழிக்கும்போது நாயும் சேர்ந்து அழியும். ஆகவே நீலச் சார்ட்டில் வரையுங்கள். பிறகு அந்தப் படத்தை அப்படியே பயன்படுத்தாமல், அதன் மேல் ஸ்கிராட்ச்சிலேயே கோடு இழுத்துப் புது உருவம் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. நாயைப் பக்கவாட்டில், வலது பக்கம் பார்த்தபடி வரையுங்கள். ஸ்கிராட்ச்சில் எல்லா ஸ்பிரைட்டும் தொடக்கத்தில் வலது பக்கம் பார்ப்பதாகவே கணக்கு. இடது பக்கம் பார்த்து வரைந்தால் நாய் பின்னோக்கி நடக்கும்.

2. வெளிச்சமான இடத்தில், நிழல் விழாமல், சார்ட்டுக்கு நேர் மேலே போனைப் பிடித்துப் படம் எடுங்கள். படம் ஜேபெக் வடிவில் இருக்கட்டும். ஐபோனின் ஹெயிக் வடிவத்தை ஸ்கிராட்ச் ஏற்காது.

3. பூனையை அழித்துவிட்டு, ‘அப்லோடு ஸ்பிரைட்’ மூலம் படத்தை ஏற்றுங்கள். காஸ்ட்யூம் பக்கத்தில் கீழே ‘கன்வெர்ட் டு வெக்டார்’ என்ற பொத்தான் இருக்கும். அழுத்துங்கள்.

4. கோட்டுக் கருவியால் போட்டோவின் மேல் உடம்பை வரையுங்கள். தலை, உடல், வால் ஒரே உருவம். நான்கு கால்களும் நான்கு தனி உருவங்கள். வெள்ளை நிறம் நிரப்பி, ஓரக்கோட்டைச் சாம்பல் நிறமாக வையுங்கள். ஓரக்கோடு இல்லாவிட்டால் வெளிர் பின்னணியில் நாய் காணாமல் போகும்.

5. இப்போது அடியில் உள்ள போட்டோவை மட்டும் தேர்ந்தெடுத்து அழியுங்கள். மீதி உங்கள் நாய்.

6. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ‘குரூப்’ செய்து, உடலின் மையம் வரைதளத்தின் நடுவிலுள்ள சின்னக் குறியின் மேல் வருமாறு நகர்த்தி வையுங்கள். பிறகு குரூப்பைப் பிரித்துவிடுங்கள். அடுத்ததாகக் கால்களைத் தனித்தனியே அசைக்க வேண்டும்.

*காலடி*

நாயின் ஓட்டநடையில் குறுக்குக் கால்கள் சேர்ந்து நகரும். முன் வலதும் பின் இடதும் ஒரு ஜோடி. முன் இடதும் பின் வலதும் மறு ஜோடி. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் நான்கே காஸ்ட்யூமில் நாய் நடந்துவிடும்.

முதல் காஸ்ட்யூமின் மேல் வலது கிளிக் செய்து ‘டூப்ளிகேட்’ கொடுங்கள். மூன்று முறை. ஒவ்வொன்றையும் புதிதாக வரைய முனையாதீர்கள்; உடல் இம்மி நகர்ந்தாலும் ஓடவிடும்போது நாய் வலிப்பு வந்ததுபோல் துடிக்கும். நகலில் கால்களை மட்டும் திருப்புங்கள்.

காஸ்ட்யூம் 1: முதல் ஜோடி முன்னே, மறு ஜோடி பின்னே.
காஸ்ட்யூம் 2: நான்கு கால்களும் நேர்கீழே, மறு ஜோடி சற்றுத் தூக்கியபடி.
காஸ்ட்யூம் 3: முதல் ஜோடி பின்னே, மறு ஜோடி முன்னே.
காஸ்ட்யூம் 4: மறுபடி நேர்கீழே, இம்முறை முதல் ஜோடி தூக்கியபடி.

நமக்கு அப்புறம் இருக்கும் இரண்டு கால்களுக்கு மட்டும் சற்று அடர்ந்த சாம்பல் நிறம் கொடுங்கள். எது எந்தக் கால் என்ற குழப்பம் உங்களுக்கும் வராது, பார்ப்பவருக்கும் வராது.

*கட்டளை*

1. மஞ்சள் நிறப் பிரிவிலிருந்து பச்சைக்கொடி பிளாக்.
2. அதன் கீழ் ‘செட் ரொட்டேஷன் ஸ்டைல்’, அதில் ‘லெஃப்ட்-ரைட்’ தேர்வு.
3. ‘கோ டு’ பிளாக்கில் எக்ஸ் -150, ஒய் -90.
4. ‘ஃபார்எவர்’. அதன் வாய்க்குள் வரிசையாக: ‘மூவ் 8 ஸ்டெப்ஸ்’, ‘நெக்ஸ்ட் காஸ்ட்யூம்’, ‘வெயிட் 0.1 செகண்ட்ஸ்’, ‘இஃப் ஆன் எட்ஜ், பவுன்ஸ்’.

பச்சைக்கொடியை அழுத்துங்கள். நாய் மேடையின் ஓரம்வரை போய்த் திரும்பி வரும்.

*இங்கே வழக்கமாக நடக்கும் தவறுகள்*

ஓரத்தில் மோதியதும் நாய் தலைகீழாகத் திரும்பினால் இரண்டாம் படியை விட்டுவிட்டீர்கள். நாய் நின்ற இடத்திலேயே காலை ஆட்டினால் ‘மூவ்’ பிளாக் ஃபார்எவருக்கு வெளியே விழுந்திருக்கும்.

இவற்றைவிட நுட்பமானது ஒன்று: கால் வழுக்குவது. ஈரச் சிமெண்ட் தரையில் போவதுபோல் பாதம் பின்னுக்கு இழுபடும், அல்லது உடல் பாதத்தை விட்டு முன்னே பாயும். காரணம், ஒரு காஸ்ட்யூமுக்கும் அடுத்ததற்கும் இடையில் பாதம் எவ்வளவு பின்னே போகிறதோ அதே அளவுக்கு உடல் முன்னே போகவில்லை என்பதுதான். 8 என்ற எண்ணை 5, 6, 10 என்று மாற்றிப் பாருங்கள். ஓர் எண்ணில் பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும். அதுதான் உங்கள் நாயின் எண். என்னுடைய எட்டை நம்பாதீர்கள்.

*மலை*

ராஜபாளையத்தில் எந்த மொட்டை மாடிக்குப் போனாலும் மேற்கே மலைத்தொடர் தெரியும். காலை வெயில் மலைமேல் விழும் நேரத்தில், போனைக் குறுக்காகப் பிடித்து, 4:3 அளவில் படம் எடுங்கள். மேடையின் விகிதமும் அதுவே. அகலத்திரை அளவில் எடுத்தால் மேலும் கீழும் வெள்ளைப் பட்டை விழும். படத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கு வெறும் தரையாகவோ சுவராகவோ இருக்கட்டும். நாய் நடக்க இடம் வேண்டுமே.

ஒலி

நாய் குரைப்பதற்கு ஸ்கிராட்ச்சின் ஒலி நூலகத்திலேயே ஆயத்த ஒலி உண்டு. எடுக்காதீர்கள். தெருவில் குரைப்பதைப் பதிவு செய்யுங்கள். இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம்: போன் ரெக்கார்டர் பெரும்பாலும் எம்4ஏ வடிவில் சேமிக்கும், வாட்ஸாப் வாய்ஸ் மெசேஜ் வேறொரு வடிவில் இருக்கும். ஸ்கிராட்ச் ஏற்பது வேவ், எம்பி3 இரண்டை மட்டுமே. வடிவம் மாற்றத் தெரியாவிட்டால் குறுக்குவழி ஒன்று உண்டு. ஸ்கிராட்ச்சில் ‘சவுண்ட்ஸ்’ பக்கம் திறந்து ‘ரெக்கார்ட்’ அழுத்தி, போனில் ஒலியை ஓடவிட்டு லேப்டாப் மைக் அருகே பிடியுங்கள். தரம் கொஞ்சம் குறையும். பரவாயில்லை, குரைப்புதானே.

மலைக்காற்று அடிக்கும் சாயங்காலங்களில் மைக்கின் மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டால் ‘புஸ்’ என்ற இரைச்சல் குறையும்.

ஒலியைச் சேர்க்க இரண்டு பிளாக் உண்டு. ‘ஸ்டார்ட் சவுண்ட்’ ஒலியைத் தொடங்கிவிட்டு உடனே அடுத்த வேலைக்குப் போகும். ‘பிளே சவுண்ட் அன்டில் டன்’ ஒலி முடியும்வரை காத்திருக்கும். முதலாவதை ஃபார்எவருக்குள் போட்டால் ஒலி தொடங்கித் தொடங்கித் திக்கும். இரண்டாவதை நடைக் கட்டளைக்குள் போட்டால் நாய் குரைக்கும்போதெல்லாம் நின்றுவிடும். ஆகவே ஒலிக்கென்று தனியாக இன்னொரு பச்சைக்கொடி பிளாக் போட்டு, அதன் கீழ் வேறொரு ஃபார்எவர் வைத்து, ‘பிளே சவுண்ட் அன்டில் டன்’, பிறகு ‘வெயிட் 4’ என்று கோத்துவிடுங்கள். ஒரே ஸ்பிரைட்டில் இரண்டு கட்டளைத் தொடர்கள் அருகருகே ஓடும்.

இங்கே நிறுத்திச் சேமியுங்கள். கணினியில் நிறுவிய செயலி தானாகச் சேமிக்காது. கரண்ட் போனால் உழைப்பும் போகும். ‘நாய்1’, ‘நாய்2’ என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிக் கோப்பு. ஒன்றின் மேல் ஒன்றை எழுதாதீர்கள்.

இரண்டாவது படைப்பு: தேர்

ஆடிப்பூரத்தன்று ஆண்டாளும் ரெங்கமன்னாரும் எழுந்தருளும் தேர் தமிழ்நாட்டின் பெரிய தேர்களில் ஒன்று. அதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தேர் கார் மாதிரி ஓடாது. வடம் இறுகும், ஆட்கள் சாய்வார்கள், ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு குலுக்கல். சடாரென்று சில அடி நகரும். சறுக்குக் கட்டை விழும், நிற்கும். மறுபடி வடம் இறுகும். இந்தத் தாளத்தைத் திரையில் கொண்டுவந்துவிட்டால் தேர் எவ்வளவு மோசமாக வரையப்பட்டிருந்தாலும் பார்ப்பவர் ஒப்புக்கொள்வார். தாளம் தவறினால் ஓவியர் வந்து வரைந்தாலும் அது பொம்மைதான். ஆகவே ‘கிளைடு’ பிளாக்கை இந்தப் படைப்பில் தொடவே வேண்டாம். அது வழுக்கிக்கொண்டு போகும்.

*படங்கள்*

தேரை 230 புள்ளி உயரத்துக்கு வரையுங்கள். அடிப்பகுதிச் சிற்ப வேலையை எல்லாம் வரைய உட்காராதீர்கள்; பழுப்பு நிறத்தில் நான்கு அடுக்கு, மேலே சிவப்பு மஞ்சள் வெள்ளைத் தொம்பைகள், உச்சியில் கலசம், போதும். சக்கரத்தைத் தேரோடு சேர்த்து வரையக் கூடாது. அது தனி ஸ்பிரைட். ஆரம் 30 புள்ளி. வட்டத்தின் மையம் நடுக்குறியில் மிகச்சரியாக இருக்க வேண்டும், தவறினால் உருளும்போது சக்கரம் எம்பி எம்பிக் குதிக்கும். சக்கரத்தில் ஆணி, பட்டை, விரிசல் ஏதாவது ஓர் அடையாளம் போடுங்கள். வெறும் வட்டம் சுற்றுவது கண்ணுக்குத் தெரியாது.

பின்னணி நான்கு, வீதிக்கு ஒன்று: கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு. கோயிலை வலம் வரும் வரிசை அதுதான். நீங்களே வீதியில் நின்று எடுத்த படங்களாக இருக்கட்டும். ஒரு படத்திலாவது ராஜகோபுரம் தெரியட்டும். வீடுகளைச் சிறியதாக வையுங்கள். அப்போதுதான் தேர் பெரியதாகத் தெரியும்.

*தேருக்கான கட்டளை*

1. ‘வேரியபிள்ஸ்’ பிரிவில் ‘வீதி’ என்று புதிய மாறி ஒன்று உருவாக்குங்கள். பெயரைத் தமிழிலேயே வைக்கலாம்.

2. பச்சைக்கொடி பிளாக்கின் கீழ்: ‘வீதி’யை 1 ஆக்கு, முதல் பின்னணிக்கு மாறு, எக்ஸ் -180, ஒய் -30 இடத்துக்குப் போ.

3. தனியாக ‘ஸ்பேஸ் கீ பிரஸ்டு’ பிளாக். அதன் கீழ் ஓர் ‘இஃப்’: வீதி 5-ஐவிடக் குறைவாக இருந்தால் மட்டும். அந்த இஃபுக்குள் நான்கு முதல் ஆறு வரையிலான படிகள் போகும்.

4. குலுக்கல்: ‘ரிபீட் 3’. உள்ளே எக்ஸை 1 கூட்டு, 0.05 விநாடி பொறு, எக்ஸை 1 குறை, 0.05 விநாடி பொறு.

5. நகர்வு: இன்னொரு ‘ரிபீட்’. எண்ணுக்குரிய கட்டத்தில் பச்சை நிற ‘பிக் ரேண்டம் 8 டு 20’. உள்ளே எக்ஸை 2 கூட்டு. இதனால் ஒவ்வோர் இழுப்புக்கும் தேர் வெவ்வேறு தூரம் நகரும். சராசரியாக ஒரு வீதிக்கு 13 இழுப்பு ஆகும்.

6. முக்குத் திருப்பம்: எக்ஸ் 180-ஐத் தாண்டியிருந்தால் ‘வீதி’யில் 1 கூட்டு. வீதி 4-ஐத் தாண்டிவிட்டதா? ஆம் என்றால் ‘நிலை’ என்று ஒரு செய்தியை ‘பிராட்காஸ்ட்’ செய். இல்லை என்றால் அடுத்த பின்னணிக்கு மாறி எக்ஸை -180 ஆக்கு.

7. கடைசியாக, இஃபுக்கு வெளியே: ‘வெயிட் அன்டில்’ பிளாக்கில் ‘நாட்’ போட்டு, அதற்குள் ‘கீ ஸ்பேஸ் பிரஸ்டு?’

ஏழாம் படியை யாரும் முதலில் மதிப்பதில்லை. அது இல்லாவிட்டால் ஸ்பேஸை அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஒருவர் தேரை நான்கு வீதியும் ஓட்டிவிடுவார். அது இருந்தால் விரலை எடுத்து மறுபடி அழுத்த வேண்டும். இழு, விடு, இழு. விளையாட்டே அதில்தான் இருக்கிறது.

8. ‘வென் ஐ ரிசீவ் நிலை’ பிளாக்கின் கீழ் ‘சே’ பிளாக். அதில் தமிழில் தட்டச்சு செய்யுங்கள்: தேர் நிலைக்கு வந்தது! பேச்சுக் குமிழில் யூனிகோடு தமிழ் தெரியும். பழைய எழுத்துருக்களில் அடித்து ஒட்டினால் வெறும் கிறுக்கலாக வரும். வாசகம் நான்கைந்து சொல்லுக்கு மேல் போக வேண்டாம், குமிழ் தேரையே மறைத்துவிடும்.

*சக்கரம்*

சக்கர ஸ்பிரைட்டில் பச்சைக்கொடி, அதன் கீழ் ஃபார்எவர். உள்ளே இரண்டே கட்டளை. ஒன்று, ‘கோ டு’: எக்ஸ் கட்டத்தில் தேரின் எக்ஸ் இடத்திலிருந்து 45 கழித்தது, ஒய் -145. தேரின் இடத்தை அறிய, வெளிர்நீல ‘சென்சிங்’ பிரிவில் ‘எக்ஸ் பொசிஷன் ஆஃப் தேர்’ கிடைக்கும். இரண்டு, ‘பாயிண்ட் இன் டைரக்‌ஷன்’: தேரின் எக்ஸ் இடத்தை 1.9-ஆல் பெருக்கியது. 30 ஆரமுள்ள சக்கரத்தின் சுற்றளவு சுமார் 188. ஒரு புள்ளி நகர 1.9 பாகை திரும்பினால் சக்கரம் தரையைத் தேய்க்காமல் உருளும். ஆரத்தை மாற்றினால் 57.3-ஐ உங்கள் ஆரத்தால் வகுத்துப் போடுங்கள்.

இந்த ஸ்பிரைட்டை டூப்ளிகேட் செய்து 45 கழிப்பதற்குப் பதில் 45 கூட்டினால் இரண்டாவது சக்கரம் தயார். தேர் குலுங்கும்போது சக்கரமும் தானாகவே இம்மி முன்னும் பின்னும் ஆடும். அதற்கென்று எதுவும் எழுத வேண்டியதில்லை.

சேர்த்துப் பார்க்கச் சில: குலுக்கலின்போது வீட்டார் எல்லோரும் சேர்ந்து ‘கோவிந்தா’ என்று கத்திய பதிவு, கீழ் அம்பை அழுத்தினால் சறுக்குக் கட்டை விழுவது, வடம் பிடிப்பவர்களாக உங்கள் தெருப் பிள்ளைகள் வரைந்த உருவங்கள். தேர் கவிழ்வதுபோல் செய்யலாமா என்று சிறுவர்கள் கேட்பார்கள். வேண்டாம். இது ஊரார் வணங்கும் தேர்.

படமும் ஒலியும் சேகரிக்கப் போகும்போது

இந்தப் பகுதியைப் படிக்காமல் வெளியே இறங்காதீர்கள். பிள்ளைகளை அனுப்புபவர்கள் இரண்டு முறை படியுங்கள்.

தேரோட்டத்தன்று சக்கரத்துக்கும் வடத்துக்கும் அருகில் நின்று படம் எடுக்கக் கூடாது. கட்டை போடுபவர்கள் விலகச் சொன்னால் உடனே விலகுங்கள். கூட்டத்தில் போனைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடப்பது மிக ஆபத்து. மொட்டை மாடியிலிருந்து எடுப்பதானால் கைப்பிடிச் சுவர் உள்ள மாடி மட்டும். நல்ல யோசனை: தேர்த் திருவிழா இல்லாத நாளில், தேர் நிலையில் நிற்கும்போது போய் நிதானமாக எடுங்கள்.

கோயிலுக்குள் போன் வேண்டாம். தமிழ்நாட்டுக் கோயில்களில் கைப்பேசியைத் தடைசெய்ய 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. வீதியிலிருந்து தெரியும் கோபுரமே நமக்குப் போதும்.

அடுத்த படைப்புக்குச் சாம்பல் நிற அணிலை எடுக்கலாம் என்று தோன்றும். நல்ல எண்ணம்தான். ஆனால் அது வாழும் செண்பகத்தோப்புப் பக்கக் காடு 1988 முதல் சரணாலயம். 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. அனுமதி இல்லாமல், துணை இல்லாமல் உள்ளே போகாதீர்கள். போனில் விலங்கின் குரலை ஓடவிட்டு அழைப்பதும் கூடாது. அணிலை வரைந்துகொள்ளலாம்.

நாய்க்கும் இது பொருந்தும். ராஜபாளையம் காவல் நாய். முன்பின் பழகாத நாயின் முகத்துக்கு நேரே போனை நீட்டிக் குரைக்க வைக்காதீர்கள். வளர்ப்பவரிடம், ‘அண்ணாச்சி, நாய் நடக்கிறதைக் கொஞ்சம் எடுத்துக்கிடட்டுமா?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரே சங்கிலியைப் பிடித்து நடத்திக் காட்டுவார்.

பகிர்வதற்குமுன் ஒரு சோதனை

வீட்டில் யாரையாவது உட்காரவைத்து, ஒரு வார்த்தையும் விளக்காமல், மவுஸை அவர் கையில் கொடுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, கடினம்தான். ‘ஏன்டா தம்பி, நாய் நொண்டுது?’ என்று ஆச்சி கேட்டால் காஸ்ட்யூம் வரிசை மாறியிருக்கிறது. எந்தப் பட்டனை அழுத்துவது என்று தெரியாமல் அத்தை விழித்தால் முதல் திரையில் ‘ஸ்பேஸ் அழுத்தி இழுங்கள்’ என்று ஒரு வாசகம் இல்லை என்று பொருள்.

பகிரும் வழிகள்

நெட் இல்லாமல்: ‘சேவ் டு யுவர் கம்ப்யூட்டர்’ கொடுத்தால் எஸ்பி3 என்ற வடிவில் கோப்பு கிடைக்கும். பென் டிரைவில் கொடுக்கலாம். வாட்ஸாப்பில் அனுப்பினால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். பெறுபவரிடமும் ஸ்கிராட்ச் இருக்க வேண்டும் என்பது ஒரு குறை. டர்போவார்ப் என்ற இலவசக் கருவியின் ‘பேக்கேஜர்’ அந்தக் கோப்பை ஹெச்டிஎம்எல் கோப்பாக மாற்றித் தரும். அதைக் கம்ப்யூட்டரில் பிரவுசரிலேயே திறந்து விளையாடலாம்.

ஸ்கிராட்ச் தளத்தில் உலகத்துக்கே பகிர்வதானால்:

1. கணக்குப் பெயரில் பிள்ளையின் பெயர், பிறந்த ஆண்டு, பள்ளி, ஊர் எதுவும் வேண்டாம்.
2. கணக்கு தொடங்கியதும் வரும் மின்னஞ்சலை உறுதிசெய்யுங்கள். செய்யாவிட்டால் ‘ஷேர்’ பொத்தான் வராது. சிறுவர்களுக்குப் பெற்றோரின் மின்னஞ்சல்.
3. பின்னணிப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். வண்டி நம்பர், கடையில் நிற்பவரின் முகம், வீட்டு எண், பள்ளிச் சீருடை அடையாளம் ஏதாவது தெரிந்தால் அந்த இடத்தின் மேல் ஒரு மரமோ பந்தலோ வரைந்து மறையுங்கள்.
4. சினிமாப் பாட்டு இருந்தால் நீக்குங்கள். அது உங்களுடையது அல்ல.
5. ‘இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்’ பெட்டியில் எப்படி விளையாடுவது என்பது. ‘நோட்ஸ் அண்ட் கிரெடிட்ஸ்’ பெட்டியில் யார் வரைந்தது, யார் குரல் என்பது, முழுப்பெயர் இல்லாமல்.
6. பிறகே ‘ஷேர்’.

பகிர்ந்தவுடன் உங்கள் படைப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வருகிறது. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், ‘ரீமிக்ஸ்’ செய்து மாற்றலாம். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும், அவர்களும் அதே உரிமத்தில் தர வேண்டும். உங்கள் தேரை எடுத்துத் திருவாரூர்த் தேராக ஒருவர் மாற்றினால் சண்டைக்குப் போகாதீர்கள். அதற்கு இடம்கொடுத்துத்தான் பகிர்ந்திருக்கிறீர்கள். பிடிக்காவிட்டால் ‘அன்ஷேர்’ செய்யலாம். ஆனால் அதற்குள் மற்றவர் செய்த ரீமிக்ஸ் திரும்பி வராது. கருத்துகள் தொல்லையாக இருந்தால் கருத்துப் பகுதியையே நிறுத்திவைக்க வசதி உண்டு. முகவரியோ போன் நம்பரோ கேட்பவருக்குப் பதில் சொல்லாமல், பெரியவரிடம் காட்டி, ‘ரிப்போர்ட்’ அழுத்துங்கள்.

இரண்டு பெட்டிகளிலும் எழுதுவதைத் தமிழில் எழுதுங்கள். வேண்டுமானால் கீழே ஆங்கிலத்திலும் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். சிவகாசியிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு பிள்ளை ‘தேர்’ என்று தமிழில் தேடினால் உங்களுடையது அதன் கண்ணில் பட வேண்டும்.